கேப்டனுக்கு என்ன வயது? சிறு வகுப்புக் கணக்கை விளையாட்டாகத் திட்டமிடுவது எப்படி

ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் கேப்டனின் வயது என்ன?

1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஏதோ ஒரு விடையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 26ஐயும் 10ஐயும் கூட்டினால் 36. கூட்டலில் பிழை கிடையாது. ஆட்டுக்கும் கேப்டன் வயதுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விதான் எழவில்லை.

பிள்ளைகளை முட்டாள்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு எண்ணைக் கொடுத்தால் அவற்றை ஏதாவது செய்து மூன்றாவது எண்ணைத் தர வேண்டும் என்பதுதான் கணக்கு வகுப்பில் அவர்கள் கற்றுக்கொண்ட வழக்கம். அதன்படி நடந்துகொண்டார்கள். (யோசித்துப் பார்த்தால், கழித்து வரும் 16ஐவிட 36 ஒரு கேப்டனுக்குப் பொருத்தமான வயதும்கூட.)

சிறு வகுப்புகளில் 'விளையாட்டு வழிக் கணக்கு', 'சிக்கல் வழிக் கணக்கு' என்று இப்போது பேசுவதன் பின்னணி இந்த வழக்கம்தான். ஆனால் பெற்றோருக்கு இது குழப்பமாக இருக்கிறது. நோட்டில் ஒன்றும் இல்லை, "இன்னைக்குக் கணக்கு வகுப்பில் விளையாடினோம்" என்று பிள்ளை சொல்கிறது. ஆசிரியர்களுக்கும் குழப்பம் உண்டு. பகடையை உருட்டிவிட்டால் அது விளையாட்டு வழிப் பாடமாகிவிடுமா? ஆகாது. ஏன் ஆகாது, ஆக வேண்டுமானால் என்ன திட்டமிட வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

பார்த்ததுமே வழி தெரிகிற கேள்வி பயிற்சி. வழி உடனே தெரியாது, ஆனால் முயன்று பார்க்க ஒரு பிடி கிடைக்கிறது என்றால் அது சிக்கல். எனவே ஒரு கேள்வி சிக்கலா பயிற்சியா என்பதைக் கேள்வி மட்டும் தீர்மானிப்பதில்லை, எதிரே இருக்கும் பிள்ளையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 7 + 5 என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கு நல்ல சிக்கல். எட்டு வயதுப் பிள்ளைக்கு வெறும் நினைவு. பிடியே கிடைக்காத கேள்வி இரண்டிலும் சேராது. அது வெறும் தண்டனை.

விளையாட்டிலும் வகை உண்டு. பிள்ளைகள் தாங்களே தொடங்கி, தாங்களே நடத்துவது ஒன்று. ஆசிரியர் பொருளையும் விதியையும் இலக்கையும் அமைத்துக் கொடுத்து, அதற்குள் முடிவெடுப்பதைப் பிள்ளையிடம் விடுவது இன்னொன்று. இதை வழிகாட்டிய விளையாட்டு எனலாம்; இந்தக் கட்டுரை பேசுவது இதைத்தான். மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, வகுப்புகளில் அதிகம் தென்படுவதும் அதுதான்: பயிற்சித்தாளில் ஒரு கரடிக் குட்டியின் படத்தைப் போட்டு, "கரடிக்கு உதவுங்கள்" என்று தலைப்பிட்டு, கீழே இருபது கூட்டல் கணக்கு.

இந்த மூன்றாவதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கணக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். விளையாட்டு அப்படியே தொடர்ந்து நடக்கிறது என்றால் அங்கே கணக்கு ஒட்டுப் போட்ட துணி.

ஒட்டுப் போடாத விளையாட்டு எப்படி இருக்கும்? பத்துக் கூழாங்கற்கள், இரண்டு பேர். ஒவ்வொரு முறையும் ஒரு கல்லோ இரண்டு கல்லோ எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவர் வெற்றி. முதல் சில ஆட்டங்களில் பிள்ளைகள் கைக்கு வந்தபடி எடுப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கவனிப்பார்: எதிராளியின் முறையில் மூன்று கல் இருந்தால் அவர் மாட்டிக்கொண்டார். அவர் ஒன்று எடுத்தால் நாம் இரண்டு, அவர் இரண்டு எடுத்தால் நாம் ஒன்று. அப்புறம் ஆறு. அப்புறம் ஒன்பது. பத்துக் கல் ஆட்டத்தில் முதலில் ஆடுபவர் ஒரே ஒரு கல்லை எடுத்து ஒன்பதை விட்டுவைத்தால், பிறகு பிழை செய்யாதவரை தோற்க முடியாது. மூன்றின் மடங்கு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் ஜெயிக்க வேண்டுமென்றால் அதைத் தொடாமல் முடியாது. இங்கே கணக்கை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை.

எண்ணத் தெரியும், ஆனால் எத்தனை என்று தெரியாது

சிறு வகுப்புக்குத் திட்டமிடுகிறவர்கள் சறுக்குகிற முதல் இடம், குழந்தைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்ற கணிப்பு. "இருபது வரை சொல்கிறான்" என்பது அதிகம் ஒன்றும் சொல்வதில்லை.

ராஷல் கெல்மன், ராண்டி கலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978இல் எண்ணுதலை ஐந்து கொள்கைகளாகப் பிரித்துக் காட்டினார்கள்:

1. ஒரு பொருளுக்கு ஒரு எண். எதையும் விடக்கூடாது, எதையும் இருமுறை எண்ணக்கூடாது.
2. எண்களின் வரிசை மாறக்கூடாது.
3. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதற்கு விடை.
4. எதை வேண்டுமானாலும் எண்ணலாம். கல், ஒலி, தாவல் எல்லாமே.
5. எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது.

இதில் மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு. ஐந்து பொத்தான்களைத் தொட்டுத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று பிசகாமல் எண்ணும் குழந்தையிடம் "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். சில குழந்தைகள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். "எனக்கு நாலு கொடு" என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். அந்தக் குழந்தைக்கு எண்ணுவது ஒரு பாட்டு. எண்ணிக்கை இன்னும் வரவில்லை. அதனிடம் 3 + 4 கேட்டு என்ன பயன்? "கொடு" என்று கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கூட்டல் பாடத்தைத் திட்டமிடும் முன்பு அந்த நிமிடத்தைச் செலவழித்துவிட வேண்டும்.

எண்ணின் பெயரும் இதில் பங்கு வகிக்கிறது. தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்து மூன்று என்றால் இரண்டு பத்தும் மூன்றும். பெயரிலேயே இடமதிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று சொல்லும்போது உள்ளே பத்து இருப்பது காதில் விழாது. ஆனால் நமக்கும் ஓர் இடறல் உண்டு. எழுபது, எண்பது என்று போகிற வரிசை தொண்ணூறு என்று திடீரென நூறின் பக்கம் தாவுகிறது. எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம் ஆயிரத்தின் பக்கம் தாவுகிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு ஒரு பிள்ளை திகைத்து நின்றால் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பிள்ளை ஒழுங்கைத் தேடுகிறது, மொழி அங்கே ஒழுங்கு மாறுகிறது. "பத்து பத்தாக எண்ணு, ஒன்பது பத்து எங்கே ஒளிந்திருக்கிறது?" என்பதையே ஒரு நாள் சிக்கலாகக் கொடுக்கலாம்.

ஒரே பலகை, இரண்டு விளைவு

விளையாட்டு என்ற ஒன்றே போதும் என்பவர்களுக்கு ஒரு பரிசோதனையை நினைவூட்ட வேண்டும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008இல் வெளியிட்டது. பள்ளியில் சேரும் முன்பருவக் குழந்தைகளுக்கு ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள் கொண்ட பலகை விளையாட்டைக் கொடுத்தார்கள். சுழற்றியில் ஒன்றோ இரண்டோ வரும். அதன்படி காயை நகர்த்த வேண்டும். ஒரு குழுவின் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள். மற்றக் குழுவின் கட்டங்களில் வண்ணங்கள் மட்டும். பதினைந்து நிமிடம் வீதம் நான்கு முறைதான் ஆடினார்கள். எண் பலகையில் ஆடிய குழந்தைகள் எண்கோட்டில் எந்த எண் எங்கே இருக்கும் என்று காட்டுவதில் தெளிவாக முன்னேறினார்கள். வண்ணப் பலகையில் ஆடியவர்கள் முன்னேறவில்லை.

இரண்டு குழுவும் விளையாடத்தான் செய்தன, இரண்டுக்கும் குதூகலம்தான். வேறுபாடு பலகையில் அச்சான எண்ணிலும், அதை வாய்விட்டுச் சொன்னதிலும் இருந்தது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் இன்னும் இரண்டு நுணுக்கங்கள் தெரியவந்தன. வட்டமான பலகை நேர் வரிசைப் பலகை அளவுக்கு உதவவில்லை. அப்புறம், காய் 5இல் இருந்து இரண்டு நகர வேண்டும் என்றால் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதைவிட "ஆறு, ஏழு" என்று எண்ணுவதுதான் பயன் தருகிறது. பின்னதில்தான் பிள்ளை தான் நிற்கும் இடத்தின் எண்ணிலிருந்து மேலே போகிறது.

இவ்வளவு சின்ன மாற்றம்தான். பாடக்குறிப்பில் "பகடை விளையாட்டு, 15 நிமிடம்" என்று மட்டும் எழுதுகிற ஆசிரியர் இதைத் தவறவிடுவார். "நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறவருக்கு அதே பதினைந்து நிமிடம் வேறு பாடமாகிறது.

ஒரே கழித்தல், மூன்று கதை

சிக்கலைத் தேர்ந்தெடுப்பதிலும் இப்படியொரு நுணுக்கம் இருக்கிறது. கீழே உள்ள மூன்றும் பெரியவர்களுக்கு 8 – 3 தான்:

1. எட்டுப் பந்துகள் இருந்தன. மூன்று உருண்டு போய்விட்டன. மீதி எத்தனை?
2. மாலாவிடம் மூன்று பந்துகள். எட்டு ஆக வேண்டுமானால் இன்னும் எத்தனை வேண்டும்?
3. மாலாவிடம் எட்டு, கண்ணனிடம் மூன்று. மாலாவிடம் எத்தனை அதிகம்?

கையில் பொருளைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் பிள்ளைகள் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்வார்கள். முதலாவதில் எட்டை வைத்து மூன்றை நகர்த்துவார்கள். இரண்டாவதில் மூன்றை வைத்து, எட்டு ஆகும்வரை சேர்த்துக்கொண்டே போவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது கூட்டல். மூன்றாவதில் இரண்டு வரிசை அடுக்கி ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பார்கள். பல பிள்ளைகளுக்கு இதுதான் கடினம். ஏனென்றால் 'அதிகம்' என்ற ஐந்து பந்துகள் கதையில் தனியாக எங்கும் நிற்பதில்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்ப்பென்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் இருந்து இந்தக் கதை வகைகளை ஆராய்ந்தார்கள். கற்றுக்கொடுக்கும் முன்பே பிள்ளைகள் கதையின் நடப்பை அப்படியே பொருளில் நடித்துக் காட்டி விடை கண்டுபிடிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டதில் முக்கியமானது. எனவே "'மீதி' வந்தால் கழி, 'மொத்தம்' வந்தால் கூட்டு" என்று சொல்லிக்கொடுப்பது இருக்கிற அறிவைப் பிடுங்கிவிட்டுக் குறுக்குவழியைத் திணிப்பதற்குச் சமம். இரண்டாவது கதையில் 'இன்னும்' என்ற சொல்லைப் பார்த்துப் பிள்ளை 11 என்று எழுதினால், அது அந்தக் குறுக்குவழியின் விளைவுதான்.

ஒரு பாடத்தை அருகிலிருந்து பார்ப்போம்

இப்போது ஒரு முழு வகுப்பு. சிக்கல் இது: ஒரே மாதிரியான ஏழு பொம்மைகள், ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு நீலப் பெட்டி. எல்லாப் பொம்மையையும் பெட்டிகளில் வைக்க வேண்டும். எத்தனை விதமாக வைக்கலாம்?

எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதில் கைவைக்கலாம், நுழைவாசல் தாழ்வானது. ஆனால் "எல்லாமே கிடைத்துவிட்டதா, எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வரும்போது உண்மையான கணிதம் தொடங்குகிறது. ஒரே சிக்கல் மொத்த வகுப்புக்கும் போதுமானதாக இருக்க வேண்டுமென்றால் இப்படி இருமுனையும் வேண்டும்.

திட்டமிடுதலின் பெரும்பகுதி வகுப்புக்கு முன்பே நடக்கிறது. ஆசிரியர் தானே ஒருமுறை செய்து பார்த்து, பிள்ளைகள் என்னென்ன செய்வார்கள் என்று எழுதிக்கொள்கிறார்:

1. கண்டபடி வைப்பவர்கள். சிவப்பில் 3, நீலத்தில் 4; அடுத்து 5, 2; மறுபடி 3, 4. கேட்க வேண்டியது: "இதை முன்னாடியே வச்சியா? எப்படிக் கண்டுபிடிப்பே?"
2. திருப்பிப் போடுபவர்கள். 5, 2 கிடைத்ததும் 2, 5 என்று எழுதுபவர்கள். கேட்க வேண்டியது: "எல்லாத்துக்கும் இப்படி ஜோடி இருக்கா?"
3. ஒவ்வொன்றாக நகர்த்துபவர்கள். 7, 0 இல் தொடங்கி 6, 1 பிறகு 5, 2 என்று 0, 7 வரை போய் எட்டு விதம் என்பவர்கள். கேட்க வேண்டியது: "எட்டுப் பொம்மை இருந்தா?"
4. பூஜ்ஜியத்தை மறந்து ஆறு விதம் என்பவர்கள். இவர்களிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். பிறகு விவாதம் இவர்களால்தான் சூடு பிடிக்கும்.

4, 3ம் 3, 4ம் ஒன்றுதானே என்று வாதிடும் பிள்ளையும் கட்டாயம் இருக்கும். அது தவறில்லை. பெட்டியின் நிறத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் நான்கே விதங்கள்தான். எந்த விதியில் ஆடுகிறோம் என்று வகுப்பே முடிவு செய்யட்டும்.

நேரப் பங்கீட்டுக்குக் கறாரான விதி இல்லை. நாற்பது நிமிட வகுப்பில் சிக்கலை அறிமுகப்படுத்த ஐந்து நிமிடம், பிள்ளைகள் இருவர் இருவராகச் செய்து பார்க்கப் பதினைந்திலிருந்து இருபது, கலந்து பேச மீதி. அறிமுகத்தில் ஒரே ஒரு விதத்தை மட்டும் வைத்துக் காட்டலாம். இரண்டாவதைக் காட்டினால் வரிசையையும் சேர்த்துக் காட்டிவிடுவோம், கதை முடிந்தது.

பிள்ளைகள் வேலை செய்யும்போது ஆசிரியருக்கு நடப்பதும் குறித்துக்கொள்வதும்தான் வேலை. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயரே உண்டு. மேசை மேசையாகப் போய்ப் பார்ப்பது 'கிகான் ஷிடோ', பிறகு வகுப்பாகச் சேர்ந்து பேசுவது 'நெரியாகே'. மாவைப் பிசைந்து பதமாக்குவது போல எல்லோரின் யோசனையையும் சேர்த்துப் பிசைவது என்று பொருள். மார்கரெட் ஸ்மித், மேரி கே ஸ்டைன் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் இதே வேலையை ஐந்து படிகளாகச் சொல்கிறார்கள்: எதிர்பார்ப்பது, கவனிப்பது, தேர்ந்தெடுப்பது, வரிசைப்படுத்துவது, இணைப்பது.

ஐந்தில் அதிகம் தவறவிடப்படுவது வரிசைப்படுத்துவது. "யார் சொல்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டால், 7, 0 என்று வரிசையாக அடுக்கிய பிள்ளைதான் முதலில் கை தூக்கும். அது சொல்லி முடித்ததும் மற்றவர்கள் தங்கள் தாளை மூடிவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கண்டபடி வைத்த ஜோடியை முதலில் அழைக்க வேண்டும். அவர்கள் கண்டுபிடித்த ஐந்தாறு விதங்கள் பலகைக்கு வரும். அடுத்துத் திருப்பிப் போட்டவர்கள் வந்து விடுபட்ட ஜோடிகளைச் சேர்ப்பார்கள். அப்போது ஒரு குரல் வரும்: "டீச்சர், ஒரு பெட்டியில ஒண்ணுமே வைக்கலேன்னா?" "அதெப்படி, ரெண்டு பெட்டியிலயும் வைக்கணும்ல!" என்று இன்னொன்று. வரிசையாக அடுக்கிய பிள்ளை கடைசியாக வந்து பலகையைக் கலைத்து ஒழுங்காக எழுதும்போது, அது ஏன் தேவை என்பது மற்றவர்களுக்குப் புரிகிறது. அவர்களிடம் அப்போது ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கான விடையாக அந்த வரிசை வந்து சேர்கிறது.

இந்த நேரத்தில் ஆசிரியர் கடைப்பிடிக்க வேண்டியது வாயை மூடிக்கொள்வது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, காரணம் சொல்வது கூடியது. மூன்று நொடி என்பது கேட்க எளிது. முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

பொருளிலிருந்து குறிக்கு

ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன மூன்று படிகள் இன்றும் பாடத்திட்டங்களின் முதுகெலும்பு: கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியால் எழுதுவது. மேலே உள்ள பாடத்தில் பொம்மை, பிறகு தாளில் வட்டங்கள், கடைசியாக 5 + 2 = 7.

இங்கே இரண்டு எச்சரிக்கை போதும். பொம்மை ரொம்ப அழகாக இருந்தால் பிள்ளை பொம்மையோடு விளையாடப் போய்விடும்; எண்ணுவதற்குச் சாதாரணப் பொத்தானே மேல். இன்னொன்று சமக்குறி. எப்போதும் 5 + 2 = 7 என்றே எழுதினால் '=' என்றால் 'விடையை எழுது' என்று பொருள் பதிந்துவிடும். 8 + 4 = □ + 5 என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கட்டத்தில் 12 என்று எழுதுவது ஆய்வுகளில் பதிவான ஒன்று. 7 = 5 + 2 என்றும், 5 + 2 = 6 + 1 என்றும் முதல் வகுப்பிலேயே எழுதிப் பழக்கினால் போதும். பொம்மைப் பாடத்தில் அதற்கு வாய்ப்புத் தானாகவே வருகிறது, எல்லா வரியும் ஏழுதானே.

எதிர்வாதம் ஒன்றும் லேசானதல்ல

பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய ஒரு கட்டுரை கல்வித்துறையில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. புதிதாகக் கற்பவரிடம் வழிகாட்டாமல் "நீயே கண்டுபிடி" என்று விட்டால், மனதின் தற்காலிக நினைவகம் தேடுவதிலேயே நிரம்பிப்போய் கற்பதற்கு இடம் மிஞ்சாது என்பது அவர்கள் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பொருளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஓரமாக நின்றுவிடும் வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை முடித்துவிடும், அமைதியான பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதும்.

மேலே விவரித்த பாடத்துக்கு அந்த விமர்சனம் அப்படியே பொருந்துமா? என் கணிப்பில் பொருந்தாது. அங்கே எண் சிறியது, பொருள் கையில் இருக்கிறது, கேள்விகள் முன்பே தயார், பேச்சின் வரிசை ஆசிரியர் கையில். ஆனால் சில விஷயங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வது வீண் வேலைதான். எண்களின் பெயர், குறிகளின் வடிவம், எதை எப்படி எழுதுவது என்ற மரபு இதெல்லாம் நேராகச் சொல்லித்தர வேண்டியவை. பத்துக்குள் கூட்டல் கைவசம் இல்லாத பிள்ளைக்குப் பெரிய சிக்கலில் யோசிக்க மனதில் இடம் இருக்காது, எனவே தினமும் பத்து நிமிடப் பயிற்சியும் வேண்டியதுதான். வாரத்தில் எல்லா நாளும் சிக்கல் வகுப்பு நடத்துவேன் என்று கிளம்புகிறவர்கள் ஒரு மாதத்தில் களைத்துப் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார்கள். வாரம் ஒன்றோ இரண்டோ போதும், மற்ற நாட்கள் அவற்றிலிருந்து கிளைத்த பயிற்சிக்கு.

வகுப்பு முடிந்த பிறகு

நோட்டில் ஒன்றும் இல்லை என்ற பெற்றோரின் குறை நியாயமானது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தான் கண்டுபிடித்ததைப் படமாகவோ எண்ணாகவோ ஒரு பக்கத்தில் வரைந்தால் அந்தக் குறை தீரும். வீட்டில் "எத்தனை சரி?" என்று கேட்பதற்குப் பதில் "இது என்ன, சொல்லு" என்று கேட்க அந்தப் பக்கம் உதவும்.

ஆசிரியரின் குறிப்பு இன்னும் சுருக்கமாக இருக்கலாம். யார் எந்த வழியில் செய்தார், யார் பூஜ்ஜியத்தைச் சேர்த்தார், யார் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணினார் என்ற மூன்று பட்டியல் போதும். ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்கு மறுநாள் எண் பலகை. ஆறு விதம் என்று நின்றவர்களுக்கு மூன்று பொம்மை, அதே இரண்டு பெட்டி; சின்ன எண்ணில் காலிப் பெட்டி சீக்கிரம் கண்ணில் படும். எட்டைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான்கு பொம்மையும் மூன்று பெட்டியும். அதற்குப் பதினைந்து விதங்கள் உண்டு, வரிசையாக அடுக்காமல் பிடிபடாது.